முடுக்கு ஜன்னல்

ஈஸ்டருக்கு முந்தைய இந்தத் தபசு காலம் முடியும்வரை ஏ.சி. அறையில் கால் வைக்கப் போவதில்லை, அதுதான் தன்னுடைய ஒறுத்தல் என்று எமில்டா அக்கா எங்கள் தெரு அன்பிய ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னாள். மற்றவர்கள் மீனை விட்டோம், காப்பியை விட்டோம் என்று சொல்லிக்கொண்டிருந்த இடத்தில் இது பெரிய தியாகம்தான். அல்போன்சா டீச்சர் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு எமில்டாவை அடியோடு பிடிக்காது. இருந்தும் அன்றைக்கு அவள் வாயில் ஒரு பிடி சர்க்கரை போடலாம் போலிருந்தது.

எமில்டா என் கணவருடைய அண்ணன் பவுல் அத்தானின் மனைவி. மாமனார் இரண்டு மகன்களுக்கும் அடுத்தடுத்து வீடு கட்டினார். நடுவில் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிற அகலத்தில் ஒரு முடுக்கு. என் பக்கம் பின்கட்டில் அவர் வலை போட்டு வைத்திருந்த அறை மட்டும் பாகப்பிரிவினையில் யாருக்கும் எழுதப்படாமல் நின்றுவிட்டது. அவர் போனபின் அதில் எலிகள் குடியிருந்தன, யாருக்கும் அது வேண்டியிருக்கவில்லை. நான் அதைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்துப் பால்காளான் வளர்க்கப் போகிறேன் என்றதும் எமில்டாவுக்கு அது வேண்டியதாகிவிட்டது. மகள் ஜெனிஸ் நாகர்கோவிலில் படித்து முடித்து வந்ததும் அங்கே பியூட்டி பார்லர் வைக்க வேண்டுமாம்.

பவுல் அத்தான் ஒரு தீர்ப்புச் சொன்னார். பெரிய வெள்ளிக் கஞ்சிக்குக் கோயிலில் கூட்டு வைக்கிற அளவுக்குக் காளான் விளைந்தால் அறை எனக்கு. விளையாவிட்டால் ஜெனிஸுக்கு. அதுவரை சுவரில் ஒரு செங்கல்லைக்கூட யாரும் தொடக்கூடாது. என் கணவர் ஜாக்சன் கப்பலில் மோட்டார்மேன். அவரிடம் போனில் சொன்னபோது, அண்ணியிடம் சண்டை வேண்டாம் என்று மட்டும் சொன்னார். நடுக்கடலில் இருப்பவருக்கு அது சுலபம்.

பால்காளான் நம் ஊர் வெயிலைத் தாங்கும். முப்பத்தைந்து டிகிரி வரை மூச்சுக் காட்டாது, அதற்கு மேல் போனால் மொட்டு கருகிவிடும். வெக்கையைவிட மோசம் அடைந்த காற்று. காளானும் நம்மைப்போல மூச்சு விடுகிறது. விட்ட மூச்சு வெளியே போகாவிட்டால் தலை விரியாமல் தண்டு மட்டும் விரல் நீளத்துக்கு வெளிறி வளரும், அதை ஒருவரும் வாங்க மாட்டார்கள். என் அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல், அதுவும் முடுக்கைப் பார்த்தது. அதில் நனைத்த சாக்கைத் தொங்கவிட்டேன். கதவுக்கு மேலிருந்த ஓட்டையில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தேன். ஃபேன் உள்காற்றை என் ஹாலுக்கு இழுத்துத் தள்ளும், அந்த இடத்துக்கு முடுக்கிலிருந்து ஈரச் சாக்கு வழியாகக் குளிர்ந்த காற்று வரும். தரையில் மணல் பரப்பிக் காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். இவ்வளவுதான் வித்தை. அறை நன்றாகக் குளிர்ந்தது.

அது பொறுக்கவில்லை எமில்டாவுக்கு. பொங்கல் கழிந்து அவள் வீட்டில் ஏ.சி. மாட்டினார்கள். வெளிப்பெட்டியை மொட்டைமாடியில் வைக்கலாம் என்று மெக்கானிக் எவ்வளவோ சொன்னான். அவள் கேட்கவில்லை. முடுக்குச் சுவரில், தன் அடுப்படி ஜன்னலை ஒட்டி, என் ஜன்னலுக்கு நேர் எதிரே மாட்ட வைத்தாள். அவளுக்குக் குளிர், அந்தப் பெட்டி ஊதும் அனல் எனக்கு. முதலில் வைக்கோலில் போட்ட காளான் படுக்கைகள் அத்தனையும் வெந்து நாறிப்போயின. வைக்கோலை அள்ளிக் குப்பையில் கொட்டும்போது அவள் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது புரிந்திருக்கும், அவளுடைய ஒறுத்தலைக் கேட்டு எனக்கு ஏன் வாய் இனித்தது என்று. அந்த ஒறுத்தலை நம்பித்தான் திரும்பவும் வைக்கோல் அவித்தேன். வித்துப் போட்டுப் பைகளை நிரப்பி உறிகளில் கட்டினேன். காளான் இழை வெள்ளையாகப் பரவியதும் பையை வெட்டி மேலே மண் போட்டேன். பெரிய வெள்ளிக்கு முந்தைய குருத்தோலை ஞாயிறு நெருங்கும்போது மண்ணைப் பிளந்துகொண்டு குண்டூசித் தலைபோல மொட்டுகள் எட்டிப் பார்த்தன. அவற்றைப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது.

மறுநாள் உச்சி வெயிலில் அந்தப் பெட்டி உறுமத் தொடங்கியது.

வெப்பமானி நாற்பதைத் தாண்டியது. சாக்கு அப்பளம்போலக் காய்ந்தது. ஜன்னலை மூடினேன். மூடினால் காற்று அடைந்துபோய்த் தண்டுகள் நீள ஆரம்பித்தன. திறந்தால் ஜன்னல் பக்கத்து மொட்டுகள் பழுத்துக் கருகின. நாள் முழுக்கச் சாக்கை நனைப்பதும் மூடுவதும் திறப்பதுமாகச் செத்தேன். பொழுது சாயும்போது பெட்டி நிற்கும், மறுநாள் உச்சியில் திரும்பவும் ஓடும். ஜெபக்கூட்டத்தில் தியாகி, மத்தியானத்தில் ஏ.சி.யில் குறட்டையா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தான் துறைமுகத்துக்கு வேலைக்குப் போனால் இரவில்தான் வருவார், அவருக்கு எதுவும் தெரியாது. இவளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

அந்த வார அன்பியக் கூட்டம் என் வீட்டில். டீச்சரிடம் பேசி மூன்று மணிக்கே வைக்கச் சொன்னேன். எமில்டா வராமல் இருப்பாள், எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டலாம் என்பது என் கணக்கு. ஆனால் அவள்தான் முதல் ஆளாக வந்தாள். ஜெபமாலையும் கையுமாக, சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வியர்த்து, முகமெல்லாம் வெக்கையில் சிவந்து வந்து உட்கார்ந்தாள். ஏ.சி.யில் இருந்து வந்த உடம்பு இல்லை அது. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இவள் இங்கே இருக்கிறாள், ஜெனிஸ் நாகர்கோவிலில், அத்தான் துறைமுகத்தில். முடுக்கில் பெட்டி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

ஜெபமாலையின் இரண்டாம் பத்து முடிவதற்குள் ஹால் கொதித்தது. அறையின் அனலை எக்ஸாஸ்ட் ஃபேன் அப்படியே எங்கள் தலையில் கொட்டியது. தெருக்கோடி அந்தோணியம்மாளுக்கு மனதில் பட்டதை அடக்கத் தெரியாது. ஜெபத்தை நிறுத்திவிட்டு, உள்ளே நெல் எதுவும் அவிக்கிறாயா என்று என்னைக் கேட்டாள். நான் எழுந்து அறைக் கதவைத் திறந்தேன்.

ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. பெட்டி ஊதிய சூடு அவர்கள் முகத்தில் அடித்தது. கருகிக் கிடந்த மொட்டுகளையும் தண்டு நீண்டு கோணிய காளான்களையும் பார்த்து டீச்சர் உச்சுக் கொட்டினார். பிறகு ஜன்னல் வழியாக எதிர்ச் சுவரைப் பார்த்தார். வீட்டில் விருந்தாள் வந்திருக்கிறார்களா என்று எமில்டாவைக் கேட்டார்.

"யாரும் இல்ல டீச்சர். ரூம வெளிய பூட்டித்தான் வச்சிருக்கேன்." எமில்டா தலையை நிமிர்த்திக்கொண்டாள். "நான் அடுப்படியிலதான் கெடக்கேன், அங்கனதான் படுக்கேன். சாம்பல் புதன்லேருந்து அந்த ரூமுல ஒரு கால் வைக்கல. என் ஒறுத்தல் சுத்தமா இருக்கு."

எல்லார் பார்வையும் உறுமிக்கொண்டிருந்த பெட்டிக்குப் போனது.

"ஏளா," என்றாள் அந்தோணியம்மாள், "அப்ப அது யாருக்குளா ஓடுது?"

எமில்டா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவள் கண் அவளை மீறி என் படுக்கைகளின் பக்கம் போனது. அங்கிருந்த அத்தனை பேரும் அதைப் பார்த்தார்கள். டீச்சர் ஜெபமாலையை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார். கண்ணில் ஒற்றிக்கொண்ட கையை இந்தத் தடவை தொடவில்லை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது, பொய் சொல்லுவானேன்.

அன்று இரவே தெரு முழுக்கத் தெரிந்து அத்தான் காதுக்கும் போனது. மறுநாள் உச்சியில் முடுக்கு அமைதியாக இருந்தது.

பிழைத்த மொட்டுகளை வைத்து ராப்பகலாகப் பாடுபட்டேன். பெரிய வெள்ளிக்குள் அவை வெள்ளைக் குடையாக விரிந்தன. அமோகம் என்று சொல்ல முடியாது, ஆனால் கோயில் அண்டாவுக்குப் போதுமானதாக இருந்தது. கஞ்சி வரிசையில் எமில்டாவும் நின்றாள். கஞ்சியை வாங்கிக்கொண்டு, கூட்டுக் கரண்டி வந்ததும் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் நின்ற பவுல் அத்தான் இரண்டு கரண்டி வாங்கினார். அறை இனி உன்னுடையது என்று அந்த இடத்திலேயே எல்லார் காதும் கேட்கச் சொன்னார்.

ஈஸ்டர் முடிந்த மறுநாளே கொத்தனாரை வரவழைத்தேன். முடுக்கு ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினேன். பின்புறச் சுவரில், கடல் காற்று வருகிற பக்கம், கீழே இரண்டும் மேலே இரண்டுமாகத் துவாரம் விட்டேன். கீழ்த் துவாரங்களில் அந்தச் சாக்கை நனைத்துத் தொங்கவிட்டேன். என் அறை இப்போது தானாகவே மூச்சு விடுகிறது.

எமில்டாவின் ஒறுத்தலும் முடிந்தது. ஏ.சி. பகலெல்லாம் ஓடுகிறது. ஆனால் பெட்டி ஊதுகிற அனலை விழுங்க எதிரே என் ஜன்னல் இல்லை. அது என் சுவரில் மோதித் திரும்பிப் பக்கத்தில் திறந்திருக்கிற முதல் ஜன்னலுக்குள் போகிறது. அது அவளுடைய அடுப்படி.

நேற்று அவள் என் வாசலுக்கே வந்தாள். பாகம் பிரித்த பிறகு அவள் என்னைத் தேடி வந்தது அதுதான் முதல் தடவை. முகம் சோற்றுப்பானை ஆவியில் காட்டியதுபோல இருந்தது. உள்ளே வா என்று நான் சொல்லவில்லை, அவளும் அதை எதிர்பார்க்கவில்லை.

"அடுப்படியில நிக்க முடியல ஆக்னஸ்," என்றாள். "அந்த ஜன்னல மட்டும் ஒடச்சு விட்டீன்னா காத்து போயிரும். கொத்தன் கூலிய நான் குடுக்கேன்."

"காளானுக்கு ஆகாதுக்கா," என்று சொல்லிவிட்டுச் சாக்கை நனைக்கப் போனேன்.