நாற்பத்தைந்து சுற்று

இடுப்பு பிடித்துக்கொண்டதால் அந்தச் செவ்வாய்க்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. மனைவி தையல் கூடத்துக்குப் போய்விட்டாள். மச்சினன் நூலகத்துக்கு. வீட்டில் நானும் அவனுடைய ஆயிரத்து எண்ணூறு ரெக்கார்டுகளும் மட்டும். முன்னறையின் மூன்று சுவரும் அவற்றுக்குத்தான். நாங்கள் ஏதோ அவற்றைப் பார்த்துவிட்டுப் போக வந்த விருந்தாளிகள் மாதிரி மீதி இடத்தில் ஒண்டிக்கொள்கிறோம்.

இசைக்கு எவ்வளவு கனம் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். பெட்டிக்கு இருபத்தெட்டு கிலோ. எங்கள் கிடங்கில் தரை ஓட்டுப் பெட்டியும் அதே கனம்தான். ஓட்டின் மேலாவது நடக்கலாம். நான்கு வருடத்துக்கு முன்பு வேலை போய், அக்காவோடு இருக்கிறேன் என்று மச்சினன் வந்தபோது பதினெட்டு பெட்டிகளை மூன்று மாடி தூக்கியவன் நான். அவன் ஒரே ஒரு ரெக்கார்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் வந்தான். "மாமா, சாய்க்காதீங்க. நேரா பிடிங்க."

இணையத்தில் எழுதுகிறான். இத்தாலிய ஆல்பங்களைப் பற்றி, பிறகு ஆங்கிலேயர், அமெரிக்கர், ஜெர்மானியர், யார் வாயைத் திறந்தாலும் அவர்களைப் பற்றி. நாற்பத்தெட்டு வயதில் தொழிற்சங்கத்தின் மாலை வகுப்பில் நான் எழுத்துக் கற்றுக்கொண்டேன். கற்ற கையோடு அவன் எழுதியது அத்தனையையும் படித்தேன். எழுத்துத் தெரியாதவரை அவன் மேல் எனக்கு மரியாதை இருந்தது.

ஐந்து மீசைக்காரர்கள் வாசித்த இத்தாலிய ஆல்பம் ஒன்று. ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிடம். 'ஒலியால் எழுப்பிய கோபுரம்' என்று எழுதியிருக்கிறான். நானும் கேட்டேன். ஆர்கன்காரன் இருட்டில் செருப்பைத் தேடுகிறான். மற்ற நான்கு பேரும் அவன் கண்டுபிடிக்கும்வரை வாசலில் நிற்கிறார்கள். அவ்வளவுதான் அந்தக் கோபுரம். உழைப்பவர்களைப் பற்றிப் பாடும் ஒரு அமெரிக்கன் இருக்கிறான். அட்டையில் முழங்கைவரை சட்டையை மடித்துவிட்டு நிற்கிறான். அந்த மடிப்பில் இஸ்திரி தெரிகிறது. இயந்திரங்களைப் போல வாசிக்கும் ஜெர்மானியர்களுக்கு மச்சினன் நாலரை நட்சத்திரம் கொடுத்திருக்கிறான். எங்கள் கிடங்கின் கன்வேயர் இதைவிட ஒழுங்காகத் தாளம் போடும். கூடவே மூட்டையையும் நகர்த்தும். ஆங்கிலேயன் ஒருவன் முழு ஆல்பத்தையும் கிசுகிசுக்கிறான். பக்கத்து அறையில் யாராவது தூங்கினால் இவன் ஏன் அந்த நேரத்தில் பாடவேண்டும்?

இந்தக் குப்பையில் ஒன்றே ஒன்று எனக்குப் பிடித்திருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

நான்கே பாட்டு உள்ள பெரிய இசைத்தட்டு. இத்தாலியப் பாடகி. அட்டையில் மஞ்சள் மழைக்கோட்டு, வெட்டிய முடி, லேசான சிரிப்பு. குரல் அடியாழத்திலிருந்து வரும். பெண் குரலா ஆண் குரலா என்று முதலில் சந்தேகம் வரும், அப்புறம் அந்தச் சந்தேகமே முக்கியமில்லாமல் போய்விடும். கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அதன் மேலேயே உட்காரும்போது உள்ளிருந்து ஒரு மூச்சு வருமே, அந்த மூச்சைத்தான் அவள் பாடுகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு வருடமாக, வீட்டில் யாரும் இல்லாதபோதெல்லாம் அதைப் போட்டுக் கேட்கிறேன். இரண்டாவது பாட்டில் கண் கலங்கும். துடைக்கமாட்டேன். பார்க்க யார் இருக்கிறார்கள்?

மச்சினன் அந்தத் தட்டைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியிருந்தான். 'புகையும் துக்கமும் தின்ற தொண்டை', 'வலியை மறைக்கும் சிரிப்பு' என்றெல்லாம். ஒரு பத்திரிகை அதை அச்சில் போட்டது. அதைப் படித்துவிட்டு, சனிக்கிழமை மாலை அந்தப் பாடகியைப் பற்றிப் பேச நூலக அரங்கத்துக்கு அவனை அழைத்திருந்தார்கள். வாழ்க்கையில் ஒரே ஒருமுறை அவனும் நானும் ஒத்துப்போனோம். எனக்கு அது கௌரவக் குறைச்சலாக இருந்தது.

புதிதாக எழுத்துக் கற்றவனுக்கு ஒரு வியாதி உண்டு. கண்ணில் படுவதையெல்லாம் படிப்பான். பற்பசைக் குழாயின் மடிப்பில் அச்சடித்த எண்ணைக்கூட விடமாட்டான். அன்று தட்டைக் கையில் எடுத்தபோது நடுவில் ஒட்டியிருந்த வட்டக் காகிதத்தையும் அப்படித்தான் பார்த்தேன். இத்தாலியம் எனக்குத் தெரியாது. ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு எண் இருந்தது. 45. அலமாரியிலிருந்து பத்து பன்னிரண்டு பெரிய தட்டுகளை உருவிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் 33. கிடங்கில் பெட்டியின் எண்ணும் அடுக்கின் எண்ணும் பொருந்தவில்லை என்றால் சரக்கு தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். ரெக்கார்டு பிளேயரில் சுற்றும் வேகத்தை மாற்ற ஒரு திருகு உண்டு. அதிலும் இதே இரண்டு எண்கள். சின்னத் தட்டுக்கு மட்டும் அதை 45க்குத் திருப்புவான் மச்சினன். பெரிய தட்டு எதற்கும் தொட்டதில்லை.

திருப்பினேன்.

யாரோ விலாவில் கிச்சுகிச்சு மூட்டியது போல ஒரு சின்னப் பெண் துள்ளிக்கொண்டு வந்தாள். கைதட்டல், கொலுசு குலுங்குவது போல ஏதோ ஒன்று, இடையிடையே 'ஹே' என்று நாலு பேர். புகையும் இல்லை, துக்கமும் இல்லை. அட்டையைப் பார்த்தேன். எதையும் மறைக்காத சிரிப்பு. மழையில் விளையாடப் போகிற சந்தோஷம்.

இடுப்பு வலியோடு சிரித்தேன். ஒன்பது பக்கம். மெதுவாகச் சுற்றிய தட்டுக்கு ஒன்பது பக்க ஒப்பாரி. சிரிப்பு அடங்கியதும் என் இரண்டு வருடம் நினைவுக்கு வந்தது. துடைக்காமல் விட்ட கண்ணீரும். தட்டை உறையில் போட்டு இருந்த இடத்தில் செருகினேன்.

மாலை சாப்பிடும்போது நியாயமாக ஒரு வாய்ப்புக் கொடுத்தேன்.

"மாப்ள, அந்த மஞ்சக்கோட்டுக்காரி தட்டுல நாப்பத்தஞ்சுன்னு போட்டிருக்கே, என்னது அது?"

அவன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "கம்பெனி நம்பரா இருக்கும் மாமா. அதையெல்லாமா படிப்பாங்க? பாட்டு காதுக்கு. கண்ணுக்கு இல்ல."

"மத்ததுலல்லாம் முப்பத்திமூணு."

"நீங்க எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சதுலேருந்து இந்த வீட்டுல ஒரு டப்பா நிம்மதியா இருக்க முடியல மாமா." மனைவி சிரித்துவிட்டாள். அவனும் சிரித்தான். நானும் சேர்ந்துகொண்டேன். சிரிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். சனிக்கிழமை, ஊரைக் கூட்டி வைத்து, ஒரு திருகு. நான் வாயே திறக்க வேண்டாம். அதற்குப் பிறகு அவன் ஒரு வரி எழுதமாட்டான். முன்னறைச் சுவரை நான்கு வருடத்துக்குப் பிறகு பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை மனைவி அவனுடைய சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலரை இரண்டு முறை தேய்த்தாள்.

"நாளைக்கு ஒருநாள் அவன எதுவும் சொல்லிடாதீங்க."

"நான் என்ன சொல்லப்போறேன்?"

"உங்க மூஞ்சி சொல்லுது. வேலை போனதுலேருந்து அவன் நிமிந்து உக்காந்து நான் பாத்ததில்லங்க. இந்த ஒரு வாரமாத்தான் பாக்குறேன்."

"அவன் பேசட்டும். நான் வாயத் தொறக்கல," என்றேன். உண்மையைத்தான் சொன்னேன்.

அரங்கத்துக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒரே ஒரு தட்டைப் போடுவதற்கு அறுபது தட்டுகள் எதற்கு என்று கேட்டதற்கு, மேசையில் அடுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும் என்றான். பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார்கள், அரங்கத்தில் அப்படி ஒன்றும் குளிர் இல்லை. முதல் வரிசையில் மனைவி, கைப்பையை மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மச்சினன் என்னைப் பிளேயர் பக்கத்தில் நிறுத்தினான். "மாமா, நான் கையத் தூக்கினதும் முள்ள வைச்சிடுங்க. கீறிடாம," என்றான். அப்படியாகத் திருகு அதுவாகவே என் கைக்கு வந்தது.

பேசினான். புகை என்றான், துக்கம் என்றான். இந்தக் குரலைக் கேட்டபிறகு மற்றக் குரல்கள் எல்லாம் பொய்யாகத் தெரிகின்றன என்றான். மப்ளர்கள் தலையாட்டின. கேட்காத பாட்டுக்கு இவ்வளவு தலையாட்டுபவர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என் விரல் திருகின் மேல் இருந்தது. 33க்கும் 45க்கும் நடுவில் ஒரு விரல்கடை தூரம்கூட இல்லை. நாற்பது பேர் முன்னால் அந்தச் சின்னப் பெண் துள்ளி வருவதை நினைத்துப் பார்த்தேன். மச்சினன் முகம் போகிற போக்கை நினைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதோடு இன்னொன்றும் தோன்றியது. அவள் ஒருமுறை எல்லோர் முன்னிலும் துள்ளிவிட்டால், மெதுவாகப் பாடும் அந்த மற்றவள் இனி எந்த வீட்டிலும் பாடமாட்டாள். என் வீட்டிலும்.

அவன் கையைத் தூக்கினான். முள்ளை வைத்தேன். திருகை நான் தொடவில்லை.

அந்தக் கனத்த குரல் எழுந்தது. அரங்கம் அடங்கியது. மனைவிக்கு இசை என்றால் தலைவலி. அவள்கூடக் கைப்பையின் பிடியைத் தளர்த்தினாள். முதல் பாட்டு பாதி போயிருக்கும். கடைசி வரிசையிலிருந்து மப்ளர் இல்லாத ஒரு பெரியவர் எழுந்தார். தலையைச் சாய்த்துக் கேட்டார். நெற்றி சுருங்கியது, பிறகு உதட்டோரம் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை என் முகத்தில் இருந்தது அதுதான். ஓரமாக நடந்து மேசைக்கு வந்தார்.

நான் அவருக்கும் தட்டுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"கொஞ்சம் விலகுங்க," என்றார் மெதுவாக. "லேபிளப் பாக்கணும்."

"ஓடிட்டிருக்கு. போய் உக்காருங்க."

"இல்லங்க, இதோட ஸ்பீடு…"

"பாட்டு காதுக்குங்க," என்றேன். "கண்ணுக்கு இல்ல."

என் வாயிலிருந்தா இது வந்தது என்று எனக்கே அருவருப்பாக இருந்தது. மச்சினன் கண்ணை மூடி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், முட்டாள். பெரியவர் இடப்பக்கம் எட்டிப் பார்த்தார். நான் இடப்பக்கம் நகர்ந்தேன். அவர் வலப்பக்கம் வந்தார். முப்பது வருடம் சுமை தூக்கிய முதுகு, ஒரு மேசையை மறைக்கப் போதுமான அகலம். இடுப்பு சுரீரென்றது. எனக்குப் பின்னால் தட்டு மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னும் மூன்று பாட்டு இருந்தது.