ஒரே நாற்காலி, ஒரே கவுன்

ஸ்டோர் கீப்பரைக் கட்டிக்கொண்டவளுக்கு வீடும் ஒரு குடோன்தான். அவளுடைய கணவர் வண்டி உதிரிபாக குடோன் ஒன்றின் பொறுப்பாளர். ஒரே சாமான் இரண்டு இருந்தால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. வீட்டில் இரண்டு கத்தரிக்கோல் கிடந்ததற்கே நாள் முழுக்கப் புலம்பியவர்.

அவர்களுக்கு இரட்டைப் பெண்கள். வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். பத்து நிமிஷ மூப்புக்குப் பெரியவள் பண்ணுகிற அதிகாரத்தைப் பார்க்க வேண்டுமே! இரண்டையும் சேர்த்து உட்காரவைத்துப் படம் எடுக்க ஆண்டவனாலும் முடியாது. ஒன்று மற்றதன் சடையைப் பிடித்து இழுக்கும், மற்றது ஊரைக் கூட்டும். அதனால் அம்மாக்காரி ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரே மாதிரிக் கவுனைப் போட்டுவிட்டு, ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் முதலில் பெரியவளை உட்காரவைத்து ஒரு படம். அவளை இறக்கிவிட்டுச் சின்னவளை ஏற்றி இன்னொரு படம். கைக்குழந்தையில் ஆரம்பித்த இந்தப் பழக்கம் வருஷக்கணக்காகத் தொடர்ந்தது. யார் பார்த்தாலும் ஒரே படம் இரண்டு தடவை என்றுதான் சொல்வார்கள். அவளுக்கு மட்டும் பார்த்த மாத்திரத்தில் தெரியும். பெரியவள் கேமராவைப் பார்ப்பாள். சின்னவள் கேமராவுக்குப் பின்னால் நிற்கும் அம்மாவைப் பார்ப்பாள்.

எட்டு வயசில் சின்னவள் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? அம்மாவுக்கு மிஞ்சியது அந்தப் படங்கள்தான். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி, வெளியே மாட்டும் ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி.

"பிரிண்ட் போட்டு ஆல்பம் வெச்சு, கரையான் தின்னவா? என்கிட்ட விடு. இதுல என்ன மாறினாலும் அதுல தானா மாறிடும். பக்கா ஏற்பாடு" என்று முன்னமே மார்தட்டியிருந்தார் கணவர்.

அந்தப் பக்கா ஏற்பாடு என்ன செய்தது தெரியுமா?

மகள் போனபின் அவருக்கு எதைக் கண்டாலும் பயம். வாசலில் கேமரா வைத்தார். அது ராப்பகலாகத் தெருவைப் படம்பிடித்துக் கம்ப்யூட்டரை நிரப்பியது. இடம் போதவில்லை. உடனே குடோன் புத்தி வேலை செய்தது. ஒரே மாதிரி இருக்கும் படங்களைத் தேடி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும் மென்பொருள் ஒன்றைப் பிடித்துப் போட்டார். எதை வைப்பது என்று அது கேட்டது. முதலில் எடுத்ததை வை என்றார். இதையெல்லாம் கழிக்கப்போகிறேன் என்று ஒவ்வொன்றாக வேறு காட்டியது. பார்த்தாரா? பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் சரி என்று ஒரே தட்டாகத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். வெளி டிஸ்க்கும் சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளையாக அன்றைக்கே அத்தனையையும் கழித்துவிட்டது.

சில வாரம் கழித்து அவள் திறந்து பார்த்தாள். எல்லா நாற்காலியிலும் பெரியவள்.

"என்னங்க, சின்னவ எங்க?"

"எல்லாம் அங்கதான் இருக்கும். சரியாப் பாரு."

பிறகு அவரே வந்து பார்த்தார். முகம் செத்துப்போயிற்று.

அழிந்ததை மீட்டுத் தருகிற கடைக்கு இரண்டு பேரும் டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைக்காரர் வெகுநேரம் முயன்று பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அழிஞ்ச உடனே கொண்டுவந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்மா. அந்த இடத்துல எல்லாம் வேற பதிவு ஏறிடுச்சு. வெறும் தெருவா வருது."

தெரு! பெற்ற மகளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் தெருநாயையும் பால்காரனையும் பத்திரப்படுத்தியிருக்கிறார் புண்ணியவான். வழியெல்லாம் அவள் வாய்க்கு வந்தபடி திட்டினாள். அவர் டிஸ்க்கை மார்போடு அணைத்துக்கொண்டு தலைகுனிந்தே வந்தார். திருப்பித் திட்டியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும். வீடியோவா? இடத்தை அடைக்கும் என்று அவர் எடுக்கவே விட்டதில்லை. சொந்தக்காரர்களைக் கெஞ்சிக் கேட்டதில் இரண்டு மூன்று படம் வந்தது. எல்லாவற்றிலும் சின்னவள் அக்கா முதுகுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிற சமயம், அவர் ஒரு படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டுக் கொண்டுவந்து கூடத்துச் சுவரில் மாட்டினார். பள்ளிக்கூடம் விட்டு வந்த பெரியவள் பையைக்கூட இறக்காமல் அதன் முன்னால் நின்றாள்.

"அப்பா, இது நான்."

"தெரியும்மா. நீங்க ரெண்டு பேரும் ஒரே அச்சுதானே. நாளைக்குத் திதிக்கு வர்றவங்களுக்கு என்ன தெரியப்போகுது?"

சமையலறையிலிருந்து வந்த அம்மாவின் காதில் இது விழுந்தது.

"உயிரோட இருக்கிற பிள்ளையைப் போய்... உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா?" படத்தைப் பிடுங்கி இறக்கினாள்.

"பின்ன எதைத்தான் மாட்டச் சொல்றே?" அவர் குரல் உடைந்துவிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அவள் படத்தைப் பெரியவளிடம் நீட்டினாள். "இது உன்னோடதுடி கண்ணு. உன் ரூம்ல வெச்சுக்கோ."

பெரியவள் கையை நீட்டவில்லை.

"நீயே வெச்சுக்கோம்மா" என்றாள். "என்னைப் பார்க்கும்போதெல்லாம் நீ அவளைத்தானே தேடுறே."