பித்தளை விலைக்கு ஒரு சாக்ஸபோன்

உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊரில் யார் கண்ணை மூடினாலும், வெளியூரில் இருக்கிற பெரிய பிள்ளைக்குத் தகவல் போவதற்கு முன்னால் அருள்தாஸுக்குப் போன் வந்துவிடும். பேண்டு செட்டில் கிளாரினெட் ஊதுகிறவர் அவர். அந்த செட்டைச் சாவுக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள். சிவப்புக் கோட்டும் கையில் பெட்டியுமாக அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றால் டீக்கடைக்காரர், பூக்காரம்மா, டைம்கீப்பர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "யாருப்பா?" ஒருமுறை கிளாரினெட் மூடிகளுக்குத் தோல் மாற்றுவதற்காகச் சும்மா காஞ்சிபுரம் கிளம்பினார். அன்றைக்கும் பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

அவர் மனைவி தேவயானிக்கு இதெல்லாம் பழகிவிட்டது. அவருக்குத்தான் பழகவில்லை. ஒரு கல்யாணத்தில் வாசிக்க வேண்டும், வாசித்து முடித்ததும் பந்தியில் ஃபேனுக்குக் கீழே எல்லாரோடும் வரிசையில் உட்கார்ந்து இலையில் சாப்பிட வேண்டும் என்பது அவர் ஆசை. சாவு வீட்டில் செட்டுக்குப் பொட்டலம்தான் வரும். அதை மோட்டார் கொட்டகை ஓரம் குந்தித் தின்றுவிட்டு, கூலியைக் கையில் படாமல் மேலேயிருந்து போடுகிறவரிடம் ஏந்தி வாங்கிக்கொண்டு வர வேண்டும். ஊருக்கு வெளியே இருக்கிற தெருவிலிருந்து ஊருக்குள் போகிறவர்களுக்கு அது ஒன்றும் புதிது இல்லை. ஆனாலும் அவர் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாகத்தான் சொல்லுவார்.

அந்த வருஷம் தை பிறக்கும்போது காஞ்சிபுரத்துக் கல்யாண செட்டுக்காரர் வசந்த்குமார் போன் செய்தார். அவருடைய சாக்ஸ்காரர் லாரி ஓட்டக் குவைத்துக்குப் போய்விட்டாராம்.

"கிளாரினெட் எங்கிட்ட ரெண்டு பேரு கீறாங்கண்ணா. எனக்கு ஆல்டோ சாக்ஸபோன் வேணும். நீ ஆல்டோவோட வா, தை முகூர்த்தத்துல வேலை. வீட்டம்மாவையும் இட்டுக்கினு வா, சாப்பாடு அங்கியே."

கிளாரினெட்காரருக்கு சாக்ஸ் சிரமமே இல்லை, விரல் ஏறக்குறைய அதே விரல்தான் என்று அருள்தாஸ் சொன்னார். சாக்ஸ்தான் சிரமமாக இருந்தது. புதிது ஒன்று கறவை மாட்டு விலை சொன்னார்கள். ஆன்லைனில் மலிவாக ஒன்று நீலக் கலரில் இருந்தது. அதை வாங்கியவர்களில் பாதிப் பேர் அருமை என்றும் பாதிப் பேர் விரல் சாவி வளைந்துவிட்டது என்றும் எழுதியிருந்தார்கள்.

அப்போதுதான் பஜாரில் சிராஜுதீன் பாய் பாத்திரக்கடையில் ஒன்று கிடப்பதாகத் தகவல் வந்தது. மூடிப்போன ஏதோ பள்ளிக்கூடத்துப் பேண்டு சாமான்கள் பழைய பித்தளையாகக் கடைக்கு வந்திருந்தன. டிரம்பெட்டெல்லாம் நசுங்கியிருந்தது. அவற்றுக்கு அடியில் ஒரு அண்டாவுக்குள் தலைகீழாக ஆல்டோ நின்றது.

அருள்தாஸ் அதைத் தூக்கி, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல ஒவ்வொரு மூடியாகத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னா வெல பாய்?"

"வெலை இன்னா வெலை. பித்தளை வெலைதான். தராசுல வை."

"பாய், இது வாத்தியம்."

"எனக்குக் குத்துவிளக்கும் பித்தளைதான், கோமுகி சொம்பும் பித்தளைதான். எங்க கடையில வேற கணக்கு கெடையாது அருளு."

அதற்கு மேல் பேசினால் பாய்க்கு விவரம் தெரிந்துவிடுமோ என்று அருள்தாஸ் வாயை மூடிக்கொண்டார். தேவயானி மூடவில்லை.

"அப்ப ஒயுங்கா நிறுங்க பாய். இதுல அங்கங்க தோலு கீது, தக்கை கீது, கம்பி ஸ்பிரிங்கு கீது. அதெல்லாம் பித்தளையா? கழிச்சுட்டுப் போடுங்க."

"தாயே, தோலு நூறு கிராம் கூட வராது."

"தங்கம் வாங்கறப்ப கல்லு கழிக்கறாங்கோ. இங்க தோலு கழிக்க மாட்டீங்களா?"

பாய் கழித்தார். கழித்த கையோடு, இனி இவர்கள் வேறு கடைக்குப் போகக் கூடாது என்று தாராளமாகவும் ஆகிவிட்டார். "பழசுனு அப்பிடியே தூக்கிக் குடுக்க மாட்டேன். எங்க கடையிலேர்ந்து ஒழுகற சாமான் ஒண்ணு வெளிய போனதில்ல. பச்சமுத்துகிட்ட குடுத்து ஒடுக்கு எடுத்து, புளி போட்டுத் தேச்சு, பேர் வெட்டித் தரேன். எல்லாம் ஃபிரீ."

பச்சமுத்து கடை வாசலில் பற்றவைப்புக் கம்பியோடு உட்கார்ந்து, தெருவில் முக்கால்வாசிக் குடங்களுக்கு அடி போட்டவர். அவர் அண்ணாந்து பார்த்து, "சாமான வச்சிட்டுப் போங்க, பாத்துக்கறேன்" என்றார்.

"ஊதிப் பாத்தியா நீ?" என்று தேவயானி வீட்டுக்கு வரும் வழியில் கேட்டாள்.

"ஊத மாட்டேன். என் வாயி எத்தினி வருசமா சாவுக்கு ஊதுன வாயி. இதுல மொதல் காத்து கல்யாணத்துலதான் போவணும்."

"சட்டையே போட்டுப் பாத்து வாங்கற ஆளு, இத ஊதிப் பாக்காம வாங்கறியே?"

"சட்டைக்கு ராசி கெடையாதுமே."

மாப்பிள்ளை அழைப்புக்கு முந்தின நாள் சாக்ஸ் வந்தது. கும்பாபிஷேகக் கலசம் போல மின்னியது. அகன்ற வாயின் உள்பக்கம், எவர்சில்வர் தூக்கில் வெட்டுவது போலவே புள்ளி புள்ளியாக 'ஆ.அருள்தாஸ் – தேவயானி' என்று வெட்டியிருந்தார்கள். தன் பெயர் ஒரு பேண்டு வாத்தியத்தில் ஏறும் என்று தேவயானி கனவிலும் நினைத்ததில்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் அருள்தாஸ் தூங்கினார். அப்போதும் ஊதவில்லை.

கல்யாணம் உத்திரமேரூரிலேயே ஒரு மண்டபத்தில். மாப்பிள்ளை வீட்டார் புள்ளலூர். சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்பு. பூ ஜோடித்த காரில் மாப்பிள்ளை, முன்னால் செட், சுற்றிலும் பட்டுப்புடவைகள். தேவயானி பெண்கள் கூட்டத்தின் ஓரமாக நடந்தாள். வசந்த்குமார் கையைக் காட்டினார். அருள்தாஸ் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, முதல் காற்றை விட்டார்.

முதல் இரண்டு வரி நன்றாகத்தான் போனது. மூன்றாவது வரியில் பாட்டு மேலே ஏற வேண்டும். ஏறியது. ஏறிக்கொண்டே போய், இன்னும் ஒரு படி என்கிற இடத்தில் சரேலென்று மாடியிலிருந்து நிலவறைக்கு விழுந்தது. அருள்தாஸ் கண்ணைத் திறந்தார். மறுபடி ஏற்றினார். மறுபடி அதே இடத்தில் விழுந்தது. மேல் சுரம் கேட்டால் அந்த வாத்தியம் அதே சுரத்தை அடித்தொண்டையில் தந்தது.

நடுவில் நிறுத்துவது செட்டுக்காரருக்கு அவமானம். அவர் பாட்டு முழுவதையும் கீழேயே இறக்கி ஊத ஆரம்பித்தார். கீழே இறக்கி ஊதுவதில் அவருக்குப் பல வருஷப் பழக்கம். கை தன்னால் இழுத்து, நிறுத்தி, விம்ம வைத்தது. டிரம்காரரும் அறியாமல் தாளத்தைக் குறைத்துக்கொண்டார். தெரு திரும்புவதற்குள் மாப்பிள்ளையின் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். யாரோ செத்துப்போன அம்மாவை நினைத்துக்கொண்டார்கள். காருக்குள் மாப்பிள்ளையே கண்ணைத் துடைக்க, வீடியோக்காரர் ஜன்னலில் தட்டி, "சார், கொஞ்சம் சிரிங்க சார்" என்று கெஞ்சினார்.

மண்டப வாசலில் வசந்த்குமார் பல்லைக் கடித்தார். "இன்னாண்ணா, மாப்பிள அழைப்புக்கு வந்தியா, பொணம் தூக்க வந்தியா?"

அருள்தாஸ் சாக்ஸின் கழுத்தைக் கழற்றினார். அதன் முதுகில் ஒரு சின்னச் சாவி உண்டு. மேல் சுரம் வேண்டும்போது அது திறந்து, கீழே இருக்கிற குண்டூசித் துளை வழியாகக் காற்று போக வேண்டும். துளை இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு பொட்டு இருந்தது. அவருக்கு விளங்கவில்லை. தேவயானிக்குப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அவள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தின் அடியிலும் அதே பொட்டு இருக்கிறது.

"இது பச்சமுத்தண்ணன் வேல. ஒழுக்குனு நெனச்சு ஈயத்த வச்சு அடச்சிருக்காரு."

அருள்தாஸ் படியில் உட்கார்ந்துவிட்டார். "முடிஞ்சிதுமே. இனி எவனும் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டான். வா, சாப்பிடாத போயிடலாம்."

எழுவதற்குள் ஒருவர் தேடிக்கொண்டு வந்தார். "சாக்ஸ் ஊதுனவரு யாருங்க? பெரியவரு பந்தியில கூப்பிடறாரு."

பெரியவர் மாப்பிள்ளையின் தாத்தா சடையப்பன். எண்பதைத் தாண்டியவர், தடி ஊன்றினாலும் குரல் ஊன்றாதவர். முதல் வரிசையில், ஃபேனுக்கு நேர் கீழே, தன் பக்கத்தில் இரண்டு இலை போடச் சொல்லியிருந்தார். அருள்தாஸ் தயங்கினார்.

"ஒக்காருய்யா. ஒக்காரும்மா நீயும். எலைய பாத்துக்கினு நின்னா வவுறு ரொம்புமா?"

உட்கார்ந்தார்கள். வடை விழுந்தது. அருள்தாஸ் கனவு கண்டது போலவே எல்லாம் நடந்தது. வடையைப் பிட்டதும் பெரியவர் குனிந்து சொன்னார்:

"எனக்கு நீதான் ஊதணும்."

"எதுக்குங்க ஐயா?"

"எதுக்கா? போவும்போதுதான். இப்ப ஊதுனியே, அதேதான், அதே மாரி. எம் பசங்க பாட்டுப் பெட்டி வச்சு ஆடுவானுங்க. அது வாணாம் எனக்கு."

பெரியவர் ஆரம்பித்து வைத்ததும் மற்றவர்களுக்கும் கூச்சம் விட்டது. அத்தைக்காரி குழம்பு வாளியைத் தாண்டி வந்து, "எங்க மாமியாளும் படுத்த படுக்கையா கீறாங்க, நம்பர் குடுங்க" என்றாள். மாப்பிள்ளையின் பெரியப்பா, தனக்கு சுகர் என்றும் எதற்கும் எழுதி வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார். சாம்பார் முடிந்து ரசம் வருவதற்குள், உயிரோடு இருக்கிற பலரின் சாவுக்கு அருள்தாஸ் பேசி முடிக்கப்பட்டிருந்தார். அவர் முகம் இலையைவிட்டு மேலே வரவில்லை.

தேவயானிக்குத் தாங்கவில்லை. "தாத்தா, வரோம். ஆனா ஒண்ணு. உங்க வூட்ல அடுத்த கல்யாணத்துக்கும் இவருதான் ஊதணும். அதுக்கு வரணும்னா இதுக்கும் கூப்பிடணும். ரெண்டும் சேத்துதான்."

அருள்தாஸ் மேசைக்கு அடியில் அவள் காலை மிதித்தார்.

பெரியவர் யோசித்தார். "அடுத்தது எம் பேத்தி. அவளுக்கு இன்னும் மாப்பிளயே பாக்கலியேம்மா."

"உங்களுக்கு மட்டும் நாள் பாத்துட்டாங்களா?"

ரசம் ஊற்றுகிறவர் அப்படியே நின்றுவிட்டார். பெரியவர் சிரித்த சிரிப்பில் புரை ஏறி, இரண்டு பேர் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. எது மொதல்ல வருதோ அது" என்றார்.

மறுநாள் பாத்திரக்கடையில் பச்சமுத்து தன் மேல் குற்றமே இல்லை என்றார். கழுத்தில் தண்ணீரை ஊற்றி ஒரு பக்கம் கையால் பொத்திப் பார்த்தாராம், சொட்டியதாம். "ஒடம்புல கீறதெல்லாம் புல்லாங்கொழல் ஓட்டைனு தெரியாதா எனக்கு? இது மட்டும் ஊசி அளவு. எவனோ ஒழுக்க மறைக்கறதுக்கு மேல மூடி போட்டு ஏமாத்திகீறான். அத்தக் கழட்டி நல்லா பத்தவச்சிட்டு, மறுபடி மாட்டிக் குடுத்தேன்."

"சரிண்ணா, இப்ப தொறந்து வுடு."

"நல்லா கீற சாமான்ல ஓட்டை போடச் சொல்றியே. என் கையால செய்ய மாட்டேன்."

அருள்தாஸே ஊசியைக் காய்ச்சித் திறந்தார். ஓட்டை போட்ட விஷயம் கடைப் பெயரில் வெளியே போக வேண்டாம் என்று பாய் கேட்டுக்கொண்டார்.

பேத்திதான் முந்தினாள். அடுத்த ஆவணியில் கல்யாணம். மேல் சுரமெல்லாம் ஏறியது, பிள்ளைகள் ஆடினார்கள், மாப்பிள்ளை சிரித்தார். பெரியவர் மட்டும் பந்தியில் குறைப்பட்டார்: "அன்னிக்கு மாரி இல்லியே?"

"அது உங்களுக்குனு வச்சிகீறேன் ஐயா" என்று சொல்லிவிட்டு அருள்தாஸ் பாயசம் இரண்டாம் முறை வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அழைப்பு வந்தது. வசந்த்குமாரே கூப்பிட்டார். மாகறல், தாமல் என்று முகூர்த்தம் முகூர்த்தமாகப் போனார். பந்தியில் சாம்பார் சரியில்லை என்று வீட்டுக்கு வந்து குறை சொல்கிற அளவுக்கு முன்னேறினார்.

ஒரு மார்கழிக் காலையில் பல் துலக்கப் போன அருள்தாஸ் கிணற்றடியில் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வரைக்கும் போக வேலையே இருக்கவில்லை.

பழைய செட்டும் வந்தது, கல்யாண செட்டும் வந்தது. மத்தியானம் ஷேர் ஆட்டோவில் பெரியவர் சடையப்பன் வந்து இறங்கினார். அந்தத் தெருவுக்குள் அவர் அதுவரை வந்ததில்லை. மாலை போட்டார். தேவயானிக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். மெதுவாகத்தான் கேட்டார், ஆனால் எல்லாருக்கும் கேட்டது:

"யம்மா, அப்ப என்னுதுக்கு?"

நான்கு பேர் அவர் மேல் பாய்ந்தார்கள். பெரிய மனுஷன் கேட்கிற கேள்வியா, இழவு வீட்டில் கேட்கிற கேள்வியா என்று சத்தம். தேவயானிக்குக் கோபம் வரவில்லை. காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் அவளுக்காக வருத்தப்பட்டார்கள். அருள்தாஸ் இல்லாமல் தன் வேலை கெட்டுப்போன ஆள் இவர் ஒருவர்தான்.

"பேசுனது பேசுனதுதான் தாத்தா" என்றாள். "அவரு இல்லனா நான்தான் ஆளு பாக்கணும். ஆனா அவரு மாரி கீய எறக்கி ஊதற ஆளு லேசுல கெடைக்க மாட்டாங்க. கெடைக்கற வரைக்கும் நீங்க பொறுத்துக்கணும்."

"எத்தினி நாளாவும்?"

"பாத்துதான் சொல்லணும். அவசரப்படக் கூடாது."

பெரியவர் நியாயம்தான் என்பது போலத் தலையை ஆட்டினார்.

இப்போதும் அமாவாசைக்கு அமாவாசை அவரிடமிருந்து போன் வருகிறது. "ஆளு கெடச்சிதாம்மா?" என்கிறார். பார்த்துக்கொண்டிருக்கிறேன் தாத்தா என்கிறாள் தேவயானி. அவள் யாரையும் பார்க்கவில்லை.