காதுக்குள் போகிற கம்பி

கோகுலகிருஷ்ணனிடம் தோடு வாங்கும் பெண்கள் முதலில் ஒரு பாடம் கேட்டாக வேண்டும். திண்டிவனத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, கம்பியை வளைத்து முறுக்கி, நடுவில் கல்லோ மணியோ வைத்துக் கட்டி நகை செய்கிறவன் அவன். கொரோனா சமயத்தில் கம்பெனி வேலை போனதும் யூடியூப் பார்த்துக் கற்றுக்கொண்டது. மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டும் கடையிலிருந்து செம்புக் கம்பி, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கென்றால் அலுமினியம், கொஞ்சம் மினுக்க வேண்டுமென்றால் பித்தளை. எது மலிவோ அதுதான். அதை அவன் யாரிடமும் மறைத்ததில்லை. ஆனால் காதுத் துளைக்குள் நுழைகிற கொக்கியை மட்டும் வெள்ளிக் கம்பியில்தான் செய்வான்.

"மேல எது வேணா தொங்கட்டும் மேடம். உள்ள போறது சுத்தமா இருக்கணும். கண்ட கம்பியப் போட்டா காது புண்ணாயிடும்" என்று போனில் வகுப்பே எடுப்பான். நல்ல பேச்சுதான். அடுத்தவர் காது என்றால் எல்லோருக்கும் நியாயம் தெளிவாகத் தெரிகிறது.

கெடாரிலிருந்து அக்கா கலைப்பிரியா கூப்பிட்டாள். "அய்யனார் கோயில்ல பாப்பாவுக்கு மொட்டை அடிச்சி காது குத்தப் போறோம்டா. தாய்மாமன் மடியிலதான் ஒக்கார வைக்கணும். நீ மொத நாளே வந்துடு."

தங்கத்தைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. அவள் வாழ்க்கைப்பட்ட வீட்டில் காது குத்துக்கு மாமன் கொண்டுவருவது தங்க வளையம்தான். அந்த ஊர் ஆசாரி தனியாக ஊசி வைத்துக் குத்துவதில்லை. மாமன் கொண்டுவந்த மெல்லிய கம்பி வளையத்தின் கூர் முனையையே காதில் செலுத்தி, அப்படியே வளைத்து மூடிவிடுவார். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது இவன் ஒருவன்.

விழுப்புரத்துக்கு பஸ் ஏறினான். நகைக்கடை வாசலில் பலகையில் எழுதியிருந்த அன்றைய விலையைப் பார்த்துவிட்டு, உள்ளே போகாமலே நடந்தான். வெள்ளி அவனுக்குக் கட்டுப்படியாகும். பச்சைக் குழந்தையின் காதுக்கு ஒரு கெடுதலும் வராது. அது அவனுக்குத் தெரிந்த அளவு அந்தக் கடைத்தெருவில் யாருக்குத் தெரியும்? வெள்ளி வெள்ளையாக இருக்கிறது என்பதுதான் அதன் ஒரே குற்றம். தட்டில் வைத்ததும் பளிச்சென்று காட்டிக் கொடுத்துவிடும். அக்காவின் மாமியார் பாஞ்சாலி உதட்டைப் பிதுக்குவதை இப்போதே பார்த்துவிட்டது போல அவனுக்கு முகம் எரிந்தது.

அதனால் கவரிங் கடைக்குப் போனான். அங்கே செண்பகம் என்கிற அம்மாள் முலாம் பூசிய கம்பியைச் சுருள் சுருளாக எடுத்துப் போட்டார்.

"எதுக்கு சார்?"

"டான்ஸ் ஆடுற பிள்ளைங்களுக்கு."

"மேல சுத்துறதுக்கு வச்சிக்கங்க. ஓட்டையில போற எடத்துக்கு மட்டும் வேணாம். முலாம் போயிடுச்சின்னா உள்ள செம்புதான். சீழ் வச்சிக்கும்."

"தெரியும்ங்க" என்றான். தெரியும்தான். தெரியாதவன் என்றால் பாவம் என்று விட்டுவிடலாம். இவனை என்ன செய்வது?

அறைக்குத் திரும்பி இரண்டு வளையம் செய்தான். வேலையில் குறை சொல்ல முடியாது. சும்மா விட மனமில்லாமல் ஒவ்வொன்றின் ஓரத்திலும் நூல் மாதிரி மெல்லிய கம்பியால் ஒரு சின்னச் சுருள் சுற்றினான். முனையைக் கூராக்க அரத்தை வைத்ததும் முலாம் உரிந்து, சிவப்பாகச் செம்பு எட்டிப் பார்த்தது. ஊசி முனை அளவுதான், யார் கண்ணில் படப் போகிறது என்று சிவப்புப் பெட்டிக்குள் வைத்து மூடினான். மூடின பிறகும் அந்தச் செம்பு முனை கண்ணிலேயே நின்றது. தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பெட்டியைத் திறந்து மாற்றவில்லை.

முதல் நாள் சாயங்காலம் கெடாருக்குப் போய்ச் சேர்ந்தான். அக்கா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பெட்டியை வாங்கித் திறந்தாள். ஒரு வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"நீயே செஞ்சியாடா?"

"ஆமாக்கா. தங்கக் கம்பி வாங்கி நானே பண்ணேன்."

"அழகா இருக்குடா" என்று மூடினாள். "நீ சாப்ட்டுக்கினு இரு. நான் ஆசாரி ஊட்டுக்குப் போயி, காலையில ஜல்தியா வரச் சொல்லிட்டு வர்றேன்."

தப்பித்தோம் என்று நினைத்துக்கொண்டான். அவள் போட்டுவிட்டுப் போன சோற்றைப் பாதியிலேயே மூடி வைத்தான்.

மறுநாள் கோயிலில் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை அவன் மடியில் உட்கார வைத்தார்கள். அதற்கு இவனை ரொம்பப் பிடித்துவிட்டது. சட்டைப் பித்தானைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. விருத்தாசலம் ஆசாரி எதிரே மணைபோட்டு உட்கார்ந்து தட்டிலிருந்த பெட்டியை எடுத்தார். இப்போது சொல்லிவிடலாம். வேண்டாம் ஆசாரி, அது தங்கம் இல்லை என்று சொன்னால் போதும். நான்கு பேர் சிரிப்பார்கள், அவ்வளவுதான். கோகுலகிருஷ்ணன் வாயைத் திறந்தான். சுற்றி நின்ற சனத்தைப் பார்த்தான். வாயை மூடிக்கொண்டு, கூடவே கண்ணையும் மூடிக்கொண்டான்.

குழந்தை வீறிட்டது.

கண்ணைத் திறந்தபோது ஒரு காதில் வளையம் ஏறியிருந்தது. அது அவன் செய்தது இல்லை. சுருள் இல்லாத வெறும் வளையம், மங்கலான மஞ்சள். ஆசாரி இவன் முகத்தைப் பார்க்காமல் அடுத்த காதைப் பிடித்தார். கோகுலகிருஷ்ணன் அக்காவைத் தேடினான். பெண்களோடு பெண்களாக நின்றுகொண்டிருந்தாள். அவள் மூக்கில் மூக்குத்தி இல்லை. துளை தூர்ந்து போகாமல் இருக்க ஒரு ஈர்க்குச்சியை ஒடித்துச் சொருகியிருந்தாள்.

அவனுக்கு உடம்பெல்லாம் கூசியது. நேற்று ஆசாரி வீட்டில் மூக்குத்தி வளையமாகிப் போனதற்காக மட்டும் இல்லை. அவள் மாற்றாமல் விட்டிருந்தால், தான் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் செம்பு முனையைக் குழந்தையின் காதுக்குள் போக விட்டிருப்போம் என்று இப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துவிட்டது.

பாஞ்சாலியும் அப்போதுதான் கவனித்தாள். "இன்னாடி மூக்குல குச்சி?"

"திருகு கழண்டுக்கினு எங்கியோ வுழுந்துடுச்சி அத்தை."

"தங்கத்தத் தொலைச்சிட்டு மரம் மாதிரி நிக்கிறியே! இத்தினி வருசமா குடும்பம் பண்ணிக்கினு பொறுப்பு வரல. ஒன் தம்பியப் பாரு. தாயி தகப்பன் இல்லாத புள்ள, தன் கையால செஞ்சி எடுத்தாந்து மானத்தோட நிக்குது."

கூட்டத்தில் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். திட்டு வாங்குகிறவள் அவள், பாராட்டு வாங்குகிறவன் இவன். "அத்தை, அது வந்து…" என்று இவன் ஆரம்பித்ததும் அக்கா நிமிர்ந்து ஒரு முறை முறைத்தாள். சொன்னால் அவள் செய்தது அத்தனையும் வீணாகும்.

பந்தி நடக்கும்போது அவள் குழாயடியில் கை கழுவ வந்தாள். இவன் பின்னாலேயே போய் நின்றான்.

"அக்கா."

"உன்னுத உன் பையில வச்சிட்டேன். மேல தொங்க உடுறதுக்கு ஆவும்."

"எப்பிடிக்கா தெரிஞ்சிச்சி?"

"மூக்குத்தியத் தவுர கழுத்துல கையில எல்லாம் கவரிங்கு தான்டா எனக்கு. தெரியாம இருக்குமா?" குழாயை மூடினாள். "நீ வெள்ளியில எடுத்தாந்திருந்தா வெள்ளியவே போட்டிருப்பேன். எவ இன்னா சொன்னாலும், எந்தம்பி செஞ்சது, அவனால முடிஞ்சது இதுதான்னு சொல்லியிருப்பேன்."

"வெக்கமா இருந்துச்சிக்கா."

"இப்போ?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் பந்தியைப் பார்க்கப் போய்விட்டாள்.

"தாய்மாமா, வாப்பா போட்டோவுக்கு" என்று அக்காவின் மாமனார் துரைக்கண்ணு கூப்பிட்டார். மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அழுது ஓய்ந்த குழந்தை அவன் நெஞ்சில் கன்னத்தை வைத்து அப்படியே தூங்கிவிட்டது. யாரை நம்புவது என்று அதற்கு இன்னும் தெரியவில்லை.

"சார், கொஞ்சம் நிமிந்து பாருங்க" என்றார் போட்டோக்காரர். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் சொன்னார்.