நான்காம் பக்கத்துப் பெயர்கள்

சனிக்கிழமை மத்தியானம் லூதரன் சர்ச்சின் பெயர்ப்பலகையைக் காரால் இடித்துச் சாய்த்தது லெனோரா கிரெப்ஸ்தான். நல்ல வெயில், நேரான சாலை, எதிரே ஒரு வண்டி கிடையாது. அச்சு இயந்திரத்தோடு ஆயுளைக் கழித்த கிழவர் ஒருவருக்கு அன்று முன்னாள் படைவீரர்களின் லீஜன் ஹாலில் வழியனுப்பு விருந்து. பீரில் தக்காளிச் சாறு ஊற்றிக் கொடுத்தார்கள். அந்தச் சிவப்பு பீர் பார்க்கத்தான் சாது. சாறுதானே என்று கை தானாக அடுத்த தம்ளருக்குப் போகும். அவள் கையும் போயிற்று.

பின்னாலேயே வந்த ஷெரீஃப் வெர்ன் ஹோலெக் தன் வண்டியை நிறுத்தி இறங்கினார். ஜன்னல் வழியே குனிந்தவர் மூக்கை ஒரு முறை சுருக்கினார்.

"நகருங்க. நான் ஓட்டறேன்."

அவளை வீட்டில் கொண்டுவந்து விட்டார். சாவியை ஆணியில் மாட்டினார், போய்விட்டார். ஊதிக் காட்டச் சொல்லவில்லை. சீட்டு எழுதவில்லை.

வேறு யாராக இருந்தாலும் கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கியிருப்பார்கள். லெனோராவால் முடியவில்லை. ஏனென்றால் எல்க் ஃபோர்டு சென்டினல் என்ற வாரப் பத்திரிகைக்கு அவள்தான் ஆசிரியர். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களின் பெயர்கள் அந்தப் பத்திரிகையின் நான்காம் பக்கத்தில் வாராவாரம் வரும். எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்து. யாருக்கும் விலக்கு கிடையாது. அது அவள் போட்ட சட்டம்.

சும்மா போட்ட சட்டமும் அல்ல. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் என்ன தொப்பி போட்டு வந்தார்கள் என்று எழுதத்தான் பதின்வயதில் இந்தப் பத்திரிகைக்கு முதலில் வந்தாள். பிறகு ஒமாஹாவில் ஒரு பெரிய தினசரி. அங்கே ஆண்கள் அவளைக் காபி கொண்டுவரச் சொன்னார்கள். அவளோ கோர்ட் வராந்தாவே கதி என்று கிடந்து, கொலை வழக்குகளைத் தன் பெயரில் எழுதும் அளவுக்கு வளர்ந்தாள். அந்த தினசரியில் ஒரு வழக்கம் இருந்தது. முதலாளியின் மருமகன் எத்தனை தடவை பிடிபட்டாலும் பட்டியலில் அவன் பெயர் மட்டும் எப்படியோ உதிர்ந்துவிடும். அதைப் பார்த்துப் பார்த்து வெறுத்துத்தான், இங்கே ஆசிரியராகத் திரும்பி வந்ததும் இப்படி ஒரு சட்டம் போட்டாள்.

அதற்கு நிறைய விலை கொடுக்க வேண்டியிருந்தது. வங்கிக்காரர் பெயரைப் போட்டாள், விளம்பரம் நின்றது. தங்கை கணவன் பெயரைப் போட்டாள், தங்கை வீட்டுக் கிறிஸ்துமஸ் விருந்து நின்றது. ஒரு தடவை வெர்ன் ஹோலெக்கே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அவர் மகன் ஆல்வின் கல்லூரி முடித்த கையோடு நண்பர்களுடன் குடித்துவிட்டு ஓட்டி மாட்டியிருந்தான். தன் கீழ் வேலை செய்கிறவன் எழுதிய சீட்டை வெர்ன் கிழித்திருக்கலாம், கிழிக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் மகனுக்கு வாத்தியார் வேலை உறுதியாகிக் கையெழுத்துக்காகக் காத்திருந்தது.

"பேரை எடுக்கச் சொல்லலை. ஒரே ஒரு வாரம் தள்ளிப் போடுங்க" என்றுதான் கேட்டார்.

முடியாது என்றாள். பெயர் வந்தது, வேலை போயிற்று. ஆல்வின் வயோமிங்கில் எண்ணெய்க் கிணறுகளுக்குப் போனவன்தான், இன்னும் ஊர் திரும்பவில்லை.

திங்கட்கிழமை லெனோரா ஷெரீஃப் ஆபீஸுக்குப் போனாள்.

"சீட்டு எழுதலையே, வெர்ன்."

"எந்தச் சீட்டு?"

"விளையாடாதே. குடிச்சிருந்தேன், ஓட்டினேன், பலகையைச் சாய்ச்சேன். நாலாம் பக்கத்துக்கு வேணும்."

"ஓ, நாலாம் பக்கத்துக்கா." வெர்ன் காபியை நிதானமாகக் கலக்கினார். "பதிவுல இருக்கிறதைத்தானே போடுவீங்க? பதிவுல ஒண்ணும் இல்லையே."

"அப்ப இப்ப எழுது."

"மாட்டேன்."

"யார் கேட்டா உன் தயவை?"

"தயவுன்னு யார் சொன்னா?" கரண்டியைத் தட்டிவிட்டு வைத்தார். "உங்க பேரை நீங்களே போடுவீங்க. பாத்தியா, என்னைக்கூட விடலைன்னு தலை நிமிந்து நடப்பீங்க. பாஸ்டர் அதைப் பிரசங்கத்துல சொல்லுவாரு. என் பையன் விஷயமும் அதோட சரியாப் போச்சுன்னு ஆயிடும். அந்தச் சுகத்தை நான் உங்களுக்குத் தர்றதா இல்லை, அம்மணி."

வெர்ன் ஒரு வாய் காபி குடித்தார்.

"இன்னொரு வழி இருக்கு. குடிச்சிருந்த ஆளை ஷெரீஃபே வீட்ல கொண்டுபோய் விட்டாருன்னு போடுங்க. அது நிஜம்தானே? நவம்பர் தேர்தல்ல எவன் எனக்கு ஓட்டுப் போடறான்னு பாக்கலாம். ஒருத்தன் பேரைக் கையில வச்சுக்கிட்டு நீங்களும் கொஞ்சம் உக்காந்து பாருங்க."

அன்று முழுவதும் அவள் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியை விட்டு எழக்கூட மனமில்லை. இத்தனை காலம் எத்தனையோ பெயர்களைத் தட்டச்சில் தட்டியிருக்கிறாள். ஒன்றுகூட இப்படிக் கனத்ததில்லை. சும்மா இருந்துவிடலாமே என்று தோன்றியது. யாருக்கும் தெரியாது. அடுத்த வருஷம் ஓய்வு. அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

செவ்வாய்க்கிழமை பக்கம் ஒட்டும் நாள்; வெட்டிய செய்தித் துண்டுகளை மெழுகு தடவி ஒட்டித்தான் பக்கம் அச்சுக்குப் போகும். செய்தி எழுதுவது, பக்கம் ஒட்டுவது இரண்டையும் பார்க்கும் டெல்மா, கத்தரிக்கோலும் மெழுகுமாக மேஜையில் குனிந்திருந்தாள். ஞாயிறு தவறாமல் லூதரன் சர்ச்சுக்குப் போகிறவள்.

"பாஸ்டர் ஒரு அறிவிப்புக் கொடுத்திருக்காரு. பலகையை இடிச்ச புண்ணியவானை யாராவது பாத்தீங்களான்னு. கேக்கவே வேண்டாம், அந்த ஷ்மிட் வீட்டுப் பையன்தான். புது வண்டி வாங்கினதுலேருந்து தரையில நிக்கறதில்லை. ஊரே சொல்லுது."

"ஊர் பாத்துச்சா?"

"பாத்தாத்தான் சொல்லணுமா என்ன?" டெல்மா சிரித்தாள். "அவன் அம்மா ஞாயித்துக்கிழமை கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்கிட்டா, பாவம்."

லெனோரா கையை நீட்டினாள். "அதை இங்கே கொடு."

தட்டச்சு இயந்திரத்தில் தாளைச் செருகினாள். கொலை வழக்குகளை எல்லாம் ஒரே மூச்சில் தட்டிய விரல்கள் அன்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடின.

"லூதரன் சர்ச்சின் பெயர்ப்பலகையைச் சனிக்கிழமை பிற்பகல் இடித்துச் சாய்த்த காரை ஓட்டியவர் இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் லெனோரா கிரெப்ஸ். அப்போது அவர் குடித்திருந்தார். பலகையைச் சரிசெய்து தருவது அவர் பொறுப்பு."

டெல்மா வாங்கிப் படித்தாள். கத்தரிக்கோலை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"நாலாம் பக்கத்துலயா?"

"அது பதிவுல இருக்கிறவங்களுக்கு. இதை சர்ச் செய்தியில வை. எழுத்து மட்டும் அதே அளவு."

டெல்மா இன்னொரு தடவை படித்தாள். "அப்புறம் வீட்டுக்கு எப்படிப் போனீங்க? இதுல இல்லையே. படிக்கிறவன் கேக்கப்போற கேள்வியை விட்டு வைக்காதேன்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீங்கதான்."

"கேக்கட்டும்."

"யாராவது கொண்டுவந்து விட்டாங்களா?"

பெயர் தொண்டைவரை வந்து நின்றது. அதை அங்கேயே நிறுத்தி வைக்க எவ்வளவு தெம்பு வேண்டியிருக்கிறது என்று லெனோரா ஆச்சரியப்பட்டாள்.

"அதோட நிறுத்திக்கோ, டெல்மா. ஒட்டு."

டெல்மா ஒட்டினாள். கீழே கொஞ்சம் வெற்றிடம் மிஞ்சியது. பூசணி விதையைக் காயவைப்பது எப்படி என்று கையில் கிடந்த துண்டு ஒன்றை வைத்து அதை அடைத்தாள்.

வியாழக்கிழமை பத்திரிகை வந்தது. காலை முழுவதும் தொலைபேசி அடித்தது. சிலர் மெச்சினார்கள், சிலர் சிரித்தார்கள், தங்கை மட்டும் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தாள். மெச்சியவர்களைக் கேட்கத்தான் லெனோராவுக்கு மிகவும் அலுப்பாக இருந்தது.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு வெர்ன் உள்ளே வந்தார். தொப்பி தலையிலேயே இருந்தது. பத்திரிகையை அவள் முன்னால் விரித்தார்.

"என் பேரு இல்லையே."

"இடம் பத்தலை."

வெர்ன் விரலால் தட்டினார். "பூசணி விதைக்கு இருந்திருக்கு."

"இருந்தது."

"ஆல்வின் பேரு வந்தப்போ?"

லெனோரா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அப்பவும் இருந்தது, வெர்ன். ஒரு வாரம் தள்ளிப் போட்டிருந்தா ஒண்ணும் குறைஞ்சிருக்காது."

வெர்ன் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே சோளம் ஏற்றிய லாரி ஒன்று போய் முடியும்வரை நின்றுகொண்டிருந்தார்.

"உங்களை வீட்ல விட்டது யாருன்னு காபிக் கடையில ஒரே பேச்சு" என்றார்.

"நீ என்ன சொன்னே?"

"நான்தான்னு சொன்னேன்."

"உனக்குப் பைத்தியமா? நான்தான் உன் பேரைப் போடாம விட்டுட்டேனே."

"யார் கேட்டா உங்க தயவை?"

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அதற்கும் தெம்பு வேண்டியிருந்தது. "அப்ப நான் அதைப் போட்டாகணும். தெரியுமில்லே?"

"தெரியும். போடுங்க." பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கதவுவரை போனவர், திரும்பாமலே சொன்னார்: "இந்த வாரம்தான் முடிஞ்சு போச்சே. அடுத்த வாரம்தான் வரும். ஒரு வாரம் தள்ளினா ஒண்ணும் குறையாதுன்னு இப்பத்தானே சொன்னீங்க."

கதவு மூடியது. லெனோரா புதுத் தாளை இயந்திரத்தில் செருகினாள். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டாள். வெர்ன் ஹோலெக் என்று பெயரை மட்டும் தட்டிவிட்டு, மேலே எழுதாமல், அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.