ஜன்னலோர மேசைக்கு ஒரு இனிப்புக் காபி

சனிக்கிழமை காலையில் எவாந்தியாவின் காபிக் கடைக்குள் நுழைவது, ஓடுகிற பேருந்தில் தொற்றி ஏறுவதைப் போல. வோலோஸ் துறைமுகச் சந்தைக்கு வந்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். மேசைகளுக்கடியில் கீரைக்கட்டும் ஆரஞ்சுப் பையும் கிடக்கும், கால் வைக்க இடமிருக்காது. நான் சுவரோரமாக நசுங்கிக்கொண்டு போய்க் கல்லா மேடையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளே வரும்போதே பார்த்துவிட்டேன். ஆர்கிரிஸ் ஜன்னலோர மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

அவனும் நானும் இருபது வருஷத்துக்கு மேல் ஒரே சாரத்தில் நின்று பூச்சு வேலை பார்த்தவர்கள். என் மகள் மிர்சினிக்கு ஞானஸ்நானத்தில் பொறுப்பேற்ற ஞானத்தகப்பன் அவன்தான்; அந்த உறவில் ஒருவரையொருவர் 'கும்பாரே' என்று கூப்பிட்டுக்கொள்வோம். ஒருநாள் சாரத்துப் பலகை சரிந்து சாந்துவாளி தெருவில் விழுந்தது. பலகையை நீதான் கட்டினாய் என்றான் அவன். நீதான் என்றேன் நான். யாருக்கும் அடிபடவில்லை. ஆனாலும் அவன் பூச்சுக் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு போனவன் போனவன்தான். மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மிர்சினிக்குக் கல்யாணம். கோயிலில் மணமக்கள் தலையில் கிரீடங்களை மாற்றி வைப்பது ஞானத்தகப்பனின் உரிமை. யார் வைக்கப்போகிறார் என்று இன்று சாயங்காலத்துக்குள் சொல்லச் சொல்லியிருந்தார் பாதிரியார். மிர்சினி நேற்று கவுனுக்கு ஓரம் தைத்துக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "ஞானப்பா வைக்கலன்னா வேற யாரும் என் தலையில கை வைக்க வேணாம்பா." அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். அவள் அழவில்லை.

எங்கள் ஊரில் பேச்சு விட்டுப்போனவன் மேசைக்கு நேராகப் போய் நிற்க முடியாது. முதலில் ஒரு காபி அனுப்ப வேண்டும். அவன் குடித்தால் போய் எதிரே உட்காரலாம். ஆறவிட்டால் தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். மத்தியானத்துக்குள் சந்தை முழுவதும் தெரிந்துவிடும்.

"என்ன ஸ்தாமாத்தி, சனிக்கிழமையில உன்னைப் பாத்து எத்தனை காலமாச்சு. எதிர்க்கடைக்காரி நல்லா போடுறாளோ?" என்றாள் எவாந்தியா.

"எனக்கு அரைச் சர்க்கரை போட்டு ஒண்ணு" என்றேன். "ஜன்னலோர மேசைக்கு அவன் எப்பவும் குடிக்கிற இனிப்புக் காபி ஒண்ணு. நான் அனுப்புறேன்னு சொல்லு."

அவள் தட்டோடு நின்றுவிட்டாள். ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இனிப்பா?" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவோரத்து மேசைக்காரன் தண்ணீர் கேட்டுக் கத்தினான். அவள் நகர்ந்துகொண்டே, சுடுமணலில் காபிச் செம்பைப் புதைத்துக் காய்ச்சிக்கொண்டிருந்த புருஷனுக்குக் குரல் கொடுத்தாள்: "கோஸ்மா, ஜன்னலுக்கு ஒரு இனிப்பு. ஸ்தாமாத்தி அனுப்புறது."

பக்கத்து மேசைகளில் பேச்சு நின்றது. நடு மேசையில் இருந்த மீன்காரன் தெமியோஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

கோப்பை போனது. ஆர்கிரிஸ் அதைப் பார்த்தான். நுரையைப் பார்த்தான். என் பக்கம் திரும்பவேயில்லை. கோப்பையைத் தட்டோடு கொஞ்சம் தள்ளி வைத்தான். பிறகு கொஞ்சம் இழுத்துக்கொண்டான். தண்ணீரைக் குடித்தான். காபியைத் தொடவில்லை.

எங்கே பார்ப்பதென்று தெரியாமல் சுவரில் தொங்கிய விலைப்பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தேன். நாற்பது வயசுக்குமேல் எழுத்துக் கற்றவன் நான், ஒரு வரிக்கே நேரமாகும். அன்றைக்குப் பலகை முழுவதையும் முடித்துவிட்டேன். காபி அப்படியே இருந்தது. வீட்டுக்குப் போய் மிர்சினி முகத்தைப் பார்த்து என்ன சொல்வது?

"தொப்பியை எடுத்துக்க ஸ்தாமாத்தி. வாசல்வரைக்கும் நான் வழி விடச் சொல்றேன்" என்றான் தெமியோஸ்.

"நீ போய் உன் மீனைப் பாரு. வெயில் ஏறுது."

"என் மீனு தண்ணியில இருக்கு. நீதான் துள்ளிக்கிட்டிருக்க."

நான்கைந்து பேர் சிரித்தார்கள். கதவுக்கு எத்தனை பேரைத் தாண்ட வேண்டும் என்று பார்க்கத் தொடங்கியிருந்தேன். அப்போதுதான் ஆர்கிரிஸ் கோப்பையை எடுத்தான். மருந்து குடிக்கிறவனைப் போல் கண்ணை மூடிக்கொண்டு, மண்டி தெரியும்வரை குடித்தான். கோப்பையை வைத்துவிட்டு எதிர் நாற்காலியைக் காலால் தள்ளினான்.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியவில்லை. யாருடைய ஆரஞ்சுப் பையையோ மிதித்தேன்.

"பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமையாமே" என்றான். "கெழங்கு விக்கிறவன் சொல்றான் எனக்கு."

"அதுக்குத்தான் வந்தேன். கிரீடம் நீதான் மாத்தணும். வேற யாரும் வேணாங்கிறா."

அவன் காலிக் கோப்பையைத் தட்டில் சுழற்றினான். நெற்றியில் வேர்த்திருந்தது. அதற்குள் எவாந்தியா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"முழுசாக் குடிச்சியா? அறிவிருக்கா உனக்கு?" என்று அவனைக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "இவனுக்குச் சர்க்கரை வியாதி. ரெண்டு வருஷமா கசப்புக் காபிதான். கால் வெரல் ரெண்டை எடுத்துட்டாங்க. ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு அதுகூடத் தெரியாதா?"

நான் மேசைக்கடியில் குனிந்து பார்த்தேன். வலது காலில் முன்பக்கம் வெட்டிவிட்ட செருப்பு. எங்கள் சந்துக்கும் அவன் சந்துக்கும் நடுவே ஒரு ரொட்டிக்கடைதான் இருக்கிறது.

"ஏன்டா குடிச்சே?"

"உன் பேரைச் சொல்லிக் கத்தியாச்சு. கடையே பாக்குது. திருப்பி அனுப்பி வேற கேட்டா, தள்ளிட்டான்னுதான் பேசுவானுங்க. குடிச்சா இன்னொரு ஊசி சேத்துப் போடணும். அதைத்தான் யோசிச்சிட்டிருந்தேன்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். "ரெண்டு கரண்டி போட்டிருக்கான் கோஸ்மா, பாவி."

"அப்ப ஞாயித்துக்கிழமை?"

"கிரீடம் மாத்த கை போதும். அப்புறம் அவங்க பின்னாலயே பீடத்தை மூணு சுத்து வரணுமே, கும்பாரே. இந்தக் காலை வச்சுக்கிட்டு நடுவுல விழுந்து தொலைச்சேன்னு வை, கிரீடத்தைப் பிடிச்சுக்கிட்டே விழுவேன். பொண்ணுக்கு எவ்வளவு அபசகுனம்."

சாரத்தில் மூன்றாம் தட்டில் கண்ணை மூடிக்கொண்டு நடந்தவன் அவன். என் கண் மறுபடியும் அந்த வெட்டிய செருப்புக்கே போனது.

அவனே எழுந்தான். "தெமியோ, எந்திரி. உன் மேசை நடுவுல இருக்கு."

"எதுக்கு?"

"பீடம் வேணும். எந்திரி."

தெமியோஸ் முனகிக்கொண்டே காபியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான். ஆட்கள் பைகளை இழுத்துக்கொண்டார்கள், கால்களை உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஆர்கிரிஸ் நடக்கத் தொடங்கினான். நான் அவன் முதுகைத் தொடாமல், ஆனால் தொடுகிற தூரத்தில், பின்னால் போனேன்.

முதல் சுற்று சரியாகவே போனது. இரண்டாவதில் வலது கால் இழுத்தது, அவன் நாற்காலி முதுகைப் பற்றிக்கொண்டான். கடையில் மணல் சட்டியின் சத்தம் மட்டும்தான் கேட்டது. "கோயில்ல நாற்காலி இருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பிடியை விட்டுவிட்டான்.

மூன்றாவது சுற்றின் பாதியில் அவன் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்தது. நான் கையை நீட்டுவதற்குள் என் தோளை இறுக்கிப் பிடித்தான். அப்படியே சுற்றை முடித்தோம்.

"ஞாயித்துக்கிழமை எங்க நிப்ப நீ?" என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான்.

"பொண்ணோட அப்பன் முன் வரிசையில."

"வேணாம். எனக்கு வலப்பக்கம் நில்லு."

அவன் கை என் தோளிலேயே இருந்தது.