யூஜினின் துப்பாக்கிக்கு ஒரு வேட்டைக்காரர்

1

முதற்கண் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ளுகிறேன். நான் என் வாழ்நாளில் ஒரு காடையைக்கூடச் சுட்டதில்லை. அங்ஙனமிருந்தும் நேற்று, அதாவது 1913-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் இருபத்து மூன்றாம் தேதி, பிரிகேட் சாலையிலுள்ள ஒரு கடையினுள் நுழைந்து, நான் ஒரு வேட்டைக்காரன் என்றும், முயல் வேட்டைக்கு ஏற்ற காற்றுத் துப்பாக்கி ஒன்றைத் தெரிந்தெடுக்க வந்திருக்கிறேன் என்றும் கூறினேன். அவ்விதம் கூறியதற்குக் காரணம் இக்கதையே.

என் பெயர் சில்வெஸ்டர். பட்டாளத்து ரொட்டிக் கிடங்கில் பத்தொன்பது ஆண்டுகளாக மாவு பிசைகிறேன். நாற்பத்தோராம் வயதில் எழுத்துக்கூட்டக் கற்று, நாற்பத்து நான்காம் வயதில் இலக்கணத்தைப் பழுதற முடித்தேன். எங்கள் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு கதை வேண்டுமென்று கேட்டார்கள். அப்பத்திரிகை ஒரே பிரதியாக மேசைமேல் வைக்கப்படும். நாற்பது பேர் வாசிப்பர். நாற்பது பேர்! என் ரொட்டியைத் தின்போர் அதனினும் பலர்; ஆனால் அவர்களுள் ஒருவரும் அதைச் செய்தவன் யாரென்று கேட்டதில்லை.

வெடிமருந்தின்றி, நெருப்பின்றி, அடைத்து வைத்த காற்றினாலேயே ஈயக் குண்டை எறியும் துப்பாக்கி ஒன்று உண்டென்று ஒரு சிப்பாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதைவிடச் சிறந்த கதைப்பொருள் யாது? ஆகவே எழுதத் துணிந்தேன்.

2

முதல் தொடக்கம்: "ஆராவமுதன் என்பவர் மல்லேஸ்வரத்தில் வசிக்கும் சமஸ்தான உத்தியோகஸ்தர். அவர் வைகறையில் எழுந்து, காற்றுத் துப்பாக்கியைத் தோளிற் சாத்தி, முயல் வேட்டைக்குப்"

இந்த இடத்தில் என் மனைவி பிரிஜெட் நிறுத்தச் சொன்னாள்.

"ஏங்க, ஐயங்கார் முயலைச் சுட்டு என்ன பண்ணுவாரு? புளியோதரையில போடுவாரா?"

ஆராவமுதனைக் கோடிட்டு அடித்துவிட்டேன். அவர் சென்றது எனக்கு வருத்தமே. அப்பெயரை எழுத எனக்கு இரண்டு நாட்கள் பயிற்சி வேண்டியிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: "சிரில் என்பவர் ரயில்வே கார்டு. ஓய்வு நாளில் அவர் தமது காற்றுத் துப்பாக்கியின்"

துப்பாக்கியின் எதை? அதற்கு எத்தனை உறுப்புகள்? காற்று எங்கே தங்குகிறது? எழுதுகோல் நின்றுவிட்டது. [அறியாத பொருளைப் பற்றி எழுதுதல் கூடாது என்று இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்திதான். இடம் கருதி நீக்கினேன்.] இவ்வாறாக நான் பிரிகேட் சாலைக்குச் சென்றேன்.

3

கடையின் பெயரைக் கூறேன். முன்பகுதியில் சைக்கிள்களும் டென்னிஸ் மட்டைகளும். பின்பகுதியில் ஒரு வேலைமேசை. அம்மேசையின் பின்னே யூஜின் என்னும் இளைஞர். நான் காற்றுத் துப்பாக்கி என்று வாய் திறந்ததும் அவர் கையிலிருந்த அரத்தைக் கீழே வைத்து, என்னை மேலும் கீழும் பார்த்து, பின்னர் மூன்று துப்பாக்கிகளை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துக் கிடத்தினார். அத்தனை விரைவு! அதன் காரணம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

வாசகரே, அம்மூன்றையும் நீங்களும் காணுதல் வேண்டும்.

முதலாவதில், குழலின் அடியில் தேங்காயளவு செம்புக் குடுக்கை ஒன்று திருகப்பட்டிருந்தது. காற்று அதனுள் தங்கும். இரண்டாவதில் குடுக்கை இல்லை. தோளில் ஊன்றும் அடிப்பாகமே உள்ளீடற்ற இரும்பாலாகி, தோல் சுற்றப்பட்டு, காற்றறையாய் அமைந்திருந்தது. மூன்றாவது கைத்தடி போன்றது. பார்த்தால் துப்பாக்கி என்றே தோன்றாது. மூன்றுக்கும் பொதுவிலக்கணம் ஒன்று: முன்னதாகவே பம்பினால் காற்றை அடைத்துக்கொண்டால், மறுபடி அடைக்காமலே பலமுறை சுடலாம்.

யூஜின் விலையைச் சொல்லவில்லை, கேள்விகளைக் கேட்டார்.

"நின்னு சுடுவீங்களா சார், படுத்தா?"

சிரில் எவ்வாறு சுடுவார் என்பதை நான் அதுவரை எண்ணியதேயில்லை. "படுத்து" என்றேன். அக்கணமே சிரிலின் வெள்ளைச் சட்டையைக் கழற்றிக் காக்கிச் சட்டை அணிவித்தேன்.

"அப்ப குடுக்கை வேணாம். தரையில இடிக்கும். எந்தக் கண்ணு?"

"இடது." (நான் நினைத்திருந்த சிரில் வலக்கையால் பச்சைக்கொடி காட்டுகிறார். திருத்த வேண்டும்.)

"எத்தனை அடி தூரம்?"

"நாற்பது."

"அடியா, தப்படியா?"

"தப்படி" என்றேன், மிக்க துணிவுடன். நாற்பது தப்படிக்குத் தடித்துப்பாக்கியின் சிறுகுண்டு முயலுக்குப் போதாதென்றும், அது புறாவுக்கே ஏற்றதென்றும் விளக்கி, யூஜின் மூன்றாவதையும் அப்பால் தள்ளினார். எஞ்சியது இரண்டாவது. அதை என் தோளில் சாத்தினார். தோல் சுற்றிய இரும்பு கன்னத்தில் குளிர்ச்சியாகப் பட்டது. நான் கதைக்காக வந்தவன் என்பதைப் பாதி மறந்துபோனேன்.

4

அடுத்தது காற்றடைத்தல். இப்பகுதியை எழுதும்போது என் கை எழுதுகோலை விட்டுப் பம்பைத் தேடுகிறது.

அடிப்பாகத்தைக் கழற்றி, ஒரு நீண்ட பித்தளைப் பம்பின் தலையில் திருக வேண்டும். பம்பின் கீழ்க்கம்பியை இரு பாதங்களாலும் மிதித்துக்கொண்டு, உடற்பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்த வேண்டும். முந்நூறு அழுத்து. முதல் நூறு எளிது. இரண்டாம் நூறில் வியர்வை வரும். மூன்றாம் நூறில் பம்பு கல்லைப் போல எதிர்த்து நிற்கும். இருநூறோடு பம்பைத் தாம் வாங்கிக்கொள்வதாக யூஜின் சொன்னார். நான் வேண்டாமென்று முந்நூறையும் அழுத்தி முடித்தேன், மூச்சு வாங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் மாவு பிசைந்த கைகள் வேறெவ்வாறு இருக்கும்?

ஆனால் அவர் அதை அறியார். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க நிஜ வேட்டைக்காரருதான். போன மாசம் ஒரு தாசில்தார் வந்தாரு. நூத்தி எண்பதுலயே ஸ்டூல் கேட்டுட்டாரு."

பின்னர் இருவரும் புறக்கடைக்குச் சென்று, குதிரைகளுக்கு நீர் வைக்கும் கல்தொட்டியில் அதை அமிழ்த்தினோம். காற்று கசியுமானால் குமிழி வரும். இரு தலைகளையும் தொட்டிமேல் கவிழ்த்து, கால்மணி நேரம் பார்த்திருந்தோம். ஒரு குதிரை வந்து நீர் குடித்துச் சென்றது. குமிழி வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை! யூஜின் ஈரக்கையால் சிலுவைக் குறி இட்டுக்கொண்டார்.

5

அதன் பின்னரே அவர் தம் நிலையைச் சொன்னார். ஊர் திரும்பிய ஒரு கர்னலின் ஏலத்தில் இம்மூன்றையும் எடுக்கும்படி முதலாளி தேசிகனைத் தூண்டியவர் அவரே. மூன்றும் ஒழுகின. எட்டாண்டுகள் சைக்கிள் கொட்டகையில் ட்யூப் ஒட்டியவர், அந்த அனுபவத்தையே கொண்டு தோல் வெட்டி, கொழுப்பில் ஊறவைத்து, பதினேழு வால்வுகள் செய்து பார்த்தார். பதினெட்டாவதில் காற்று நின்றது. முதலாளி நம்பவில்லை. இவற்றை ஒரு வேட்டைக்காரர் வெளியே கொண்டுபோய்ப் பார்த்து, இது வேட்டைக்கு ஆகும் என்று சொல்லி வாங்க வேண்டும். இம்மாதம் முப்பத்தொன்றுக்குள் அங்ஙனம் நடவாவிடின், மூன்றும் பித்தளைக்காரனுக்கு எடைக்குப் போகும், யூஜின் சைக்கிள் கொட்டகைக்குப் போவார். வேலைமேசை வேறொருவருக்கு.

"எட்டு மாசமா நிஜ வேட்டைக்காரரு யாரும் வரல சார். நீங்க வந்தீங்க" என்றார்.

வாசகரே, அக்கணத்தில் நான் உண்மையைக் கூறியிருத்தல் வேண்டும். கூறவில்லை. கதாசிரியனுக்குரிய பேராசை என்னைத் தடுத்தது. அவர் இன்னும் பேசிக்கொண்டேயிருக்க வேண்டுமென விரும்பினேன். அவரோ சனிக்கிழமை அரைநாள் விடுமுறையென்றும், பாணஸ்வாடிப் பக்கம் ராகி அறுத்த கொல்லைகளில் முயல் மேய்கிறதென்றும், துப்பாக்கியோடு தாமும் உடன் வருவதாகவும் முடிவுசெய்துவிட்டார். நான் தலையசைத்தேன்.

இதுவரை எழுதியது வெள்ளிக்கிழமை. நாளை நான் வேட்டைக்குப் போகிறேன். இவ்வாக்கியத்தை மீண்டும் எழுதிப் பார்க்கிறேன்: நாளை நான் வேட்டைக்குப் போகிறேன்.

6

இன்று ஞாயிறு. கோவிலிலிருந்து வந்ததும் அமர்ந்துவிட்டேன்.

நேற்றுக் கொல்லை வரப்பில் நடக்கும்போது, நான் வேட்டைக்காரனல்லன், ரொட்டிக் கிடங்கில் வேலை செய்பவன், ஒரு கதைக்காகவே கடைக்கு வந்தேன் என்று யூஜினிடம் சொல்லிவிட்டேன். பத்துப் பன்னிரண்டு அடி நடந்தோம். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்குரிய வாக்கியத்தைக்கூட மனத்தில் அமைத்துக்கொண்டேன்.

"கதையில அவரு சுடறாரா?" என்று கேட்டார்.

"இன்னும் எழுதல."

"எழுதாதீங்க. முதல்ல நீங்க சுடுங்க."

"நீயே சுடேன் யூஜின். உனக்குத்தான் தெரியும்."

"நான் சுட்டா, செஞ்சவனே சுட்டுக்கிட்டான்னு முதலாளி சிரிப்பாரு. படுங்கண்ணே." அதுவரை சார் என்று அழைத்தவர் அப்போதுதான் அண்ணே என்றார்.

படுத்தேன். ராகித் தாள் வயிற்றில் குத்தியது. நாற்பது தப்படிக்கு அப்பால், ஒரு கரையான் புற்றின் ஓரத்தில், முயல் அமர்ந்திருந்தது. [இங்கே முயலைப் பற்றி எட்டு உவமைகள் எழுதினேன். அனைத்தையும் நீக்கிவிட்டேன். அது முயலைப் போலவே இருந்தது.] காதுகள் இரண்டும் நிமிர்ந்து, வெயில் அவற்றினூடே சிவப்பாய்த் தெரிந்தது. விசையை இழுத்தேன்.

சோடாப் புட்டியை மெல்லத் திறந்தாற்போல் ஓர் ஓசை. அவ்வளவே. புகையில்லை, வாசனையில்லை. முயலுக்கு இடப்புறம் ஒரு சாண் தள்ளிப் புழுதி எழுந்தது. முயல் ஒரு காதைத் திருப்பி, மீண்டும் மேய்ந்தது.

இரண்டாவது குண்டு அதன் தலைக்கு மேலே சென்றது. மூன்றாவது எங்கே சென்றதென்று இன்றளவும் எனக்குத் தெரியாது. நான்காவது புற்றில் பட்டு மண் உதிர்ந்தது. முயல் அம்மண்ணை முகர்ந்து பார்த்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. யூஜினின் வேலைமேசை என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு, உடல் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"நாலு அண்ணே. நாலு போட்டும் அது ஓடல."

"தப்பிடிச்சேப்பா."

"தப்பினது உங்க கையால. அது ஓடாதது என் துப்பாக்கியால."

மருந்துத் துப்பாக்கியாயிருந்தால் முதல் ஓசையிலேயே அம்முயல் எலகங்கா வரை ஓடியிருக்கும் என்றும், வேட்டை தெரிந்தவர் எவராயினும், தவறிய குண்டுக்குப் பின்னும் முயல் நின்றது என்ற ஒன்றைக் கேட்டமாத்திரத்தில் கடைக்கு வந்துவிடுவார் என்றும் அவர் கிசுகிசுத்தார். நான் ஐந்தாவது குண்டுக்குக் கை நீட்டினேன். அவர் அதைக் கொடாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அஞ்சாவது நீங்க சுடாதீங்க. ஒரு தடவ அடைச்ச காத்துல ஏழு குண்டு வரைக்கும் வேகம் குறையாது. இன்னும் மூணு குண்டுக்கு நல்ல காத்து உள்ள இருக்கு. வாங்கறவருக்கு வைங்க."

7

இப்போது முடிவு.

முதல் முடிவு: "ஐந்தாவது குண்டு முயலின் செவியடியில் பாய்ந்தது. சிரில் எழுந்து, வெற்றி முழக்கமிட்டு," இல்லை. தேசிகனும் எங்கள் வாசகசாலையின் உறுப்பினரே. எழுதினால், முயல் எங்கே என்பார்.

இரண்டாம் முடிவு பிரிஜெட்டுக்கு முன்பாகவே எனக்குத் தோன்றியது: சந்தையில் ஒரு முயல் வாங்கி, அதில் ஒரு குண்டைச் செலுத்தி, தேசிகனிடம் காட்டிவிடுதல். அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"செத்த முயலையும் நீங்க தப்பவிட்டுடுவீங்க" என்றாள்.

மூன்றாம் முடிவு, ரொட்டிக்காரனான நானே அத்துப்பாக்கியை வாங்கிவிடுதல். இதை யூஜினிடம் நேற்றுத் திரும்பும் வழியில் சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. அன்று அவருக்கு வந்த ஒரே கோபம் அதுவே. உங்க இரக்கத்துக்கு நான் பதினெட்டு வால்வு செய்யல அண்ணே என்றார். ஆதலின் அதையும் விலக்கினேன்.

சிரிலையும் விலக்கிவிட்டேன். காக்கிச் சட்டையும் இடக்கண்ணும் கொடுத்து வளர்த்த மனிதர்; எனினும் கற்பனை வேட்டைக்காரர் ஒருவர் கடைக்குச் சென்று எதையும் வாங்க இயலாது. இக்கதைக்கு உண்மையான வேட்டைக்காரர் ஒருவர் வேண்டும். அவரை நான் படைக்க முடியாது. இப்பத்திரிகையை வாசிக்கும் நாற்பதின்மருள் அவர் இருத்தல் கூடும்.

வேட்டைக்காரரே, நாளை திங்கட்கிழமை மாலை இப்பத்திரிகை மேசைக்கு வரும். அதன் பின்னர் இம்மாதத்தில் நான்கு நாட்கள் எஞ்சும். துப்பாக்கி கடையின் பின்பகுதியில், யூஜினின் மேசைமேல் இருக்கிறது. வியாழனன்று நான் அடைத்ததில் எஞ்சிய காற்றை அவர் வெளியே விடவில்லை, விடவும் மாட்டார். எத்தனை நாள் ஆனாலும் நிற்கும் என்கிறார். உமது தோளில் அதைச் சாத்திப் பாரும். பிடித்திருந்தால், வெயில் தாழ அவரோடு பாணஸ்வாடிக் கொல்லைக்குச் சென்று, வடக்கு வரப்பில் வயிறு படப் படுத்துக்கொள்ளும். தோள்மேல் கை நீட்டி அவர் ஓர் ஈயக் குண்டைக் கொடுப்பார். நாற்பது தப்படி. புற்றின் ஓரம். மூச்சை நிறுத்தும். இனி இவ்வாக்கியத்தை முடிக்கவேண்டியவர் நீர்: முயல்